செயற்கை மழையும் நமது மலைநாடும்



மஸ்கெலியாப் பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "சுவாமி, ஆகாய விமானத்தில் மருந்து கொண்டுபோய் மேகத்தில் தூவி மழை பெய்விக்கிறார்களாமே, இது மெய்யாகவே நடக்கிற காரியமா? நடக்குமென்றால், மழையைத் தருகிறவர் ஆண்டவர் என்று சின்னக் குறிப்பிடம் படித்த காலத்திலிருந்து விசுவசித்து வருகிற நாங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது?"

நல்ல கேள்வி. ஆனால் முற்பாதிக்கு விடை காணாமல் பிற்பாதிக்குப் போக முடியாது. ஆகவே இவ்வாரம் விஞ்ஞானத்திலிருந்தே தொடங்குவோம். அன்பர் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த மழை யாருக்காக, யாரைக் கேட்டுப் பெய்விக்கப்படுகிறது என்பதே அது. அதுதான் நம்மை அதிகம் தொடுகிற கேள்வி என்பது எமது எண்ணம்.

2019இல் நடந்தது

2019ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மலைநாடு மழையின்றிக் காய்ந்தது. காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களிலும் மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று. மவுசாக்கலையில் நீர் வற்றினால் என்ன தெரியும் என்பதை அப்பகுதி வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைகாட்டும். வெளியூரார் படம் பிடிக்க வருவார்கள். நம்மவர்களோ பாட்டன் பூட்டன் நடந்த கடைவீதி எதுவென்று தேடுவார்கள்.

காசல்ரீயில் கெஹெல்கமு ஓயாவும் மவுசாக்கலையில் மஸ்கெலியா ஓயாவும் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. இரண்டும் கீழே சேர்ந்து களனி கங்கையாகின்றன. விமலசுரேந்திர, கெனியன், பழைய லக்ஷபான, புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்னும் ஐந்து மின்நிலையங்கள் இவ்விரு ஓயாக்களின் நீரை நம்பியே சுழல்கின்றன. மலையிலிருந்து விழும் நீரில் நாட்டுக்கு வேண்டிய மின்சாரம் இருக்கிறதென்று 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதி வாதாடிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கனவு அது. கனவு நனவாயிற்று. ஆனால் வானம் பொய்த்தால் அந்தக் கனவும் பொய்த்துப்போகும்.

அவ்வாண்டு மார்ச் 22ஆம் திகதி, மின்சக்தி அமைச்சும் மின்சார சபையும் விமானப்படையும் தாய்லாந்து நிபுணர்களின் துணையோடு ஒரு பரிசோதனை நடத்தின. விமானப்படையின் வை-12 ரக விமானம் ஒன்று மவுசாக்கலைப் பக்கத்து மேகங்களில் இரசாயனப் பொடியைத் தூவிற்று. சுமார் முக்கால் மணி நேரம் மழை பெய்ததென்றும் பரிசோதனை வெற்றியென்றும் அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. அதே மாதக் கடைசியில் நாடெங்கும் மின்வெட்டு வந்தது. வானத்துக்குச் சாவி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தவர்கள் மெழுகுதிரி வாங்கக் கடைக்குப் போனார்கள்.

இதைச் சொல்வது அந்த முயற்சியைக் கேலி செய்வதற்காக அல்ல. மழையில்லாத நாட்டில் அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் "மழை பெய்தது" என்பதற்கும் "மருந்தினால் மழை பெய்தது" என்பதற்கும் இடையில் பெரும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளப்பதுதான் விஞ்ஞானத்தின் வேலை.

மேகம் எப்படி மழையாகிறது?

அதிகாலையில் பிரட்டுக்களத்துக்குப் போகும்போது முகத்தில் படுகிற மூடுபனியை எண்ணிக்கொள்ளுங்கள். அது தரையைத் தொடுகிற மேகமே அன்றி வேறல்ல. அதில் நீர் இருக்கிறது, ஆனால் அது மழையாய் விழுவதில்லை. காரணம், மேகத்திலுள்ள துளி மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கினால் ஒன்றிரண்டு பங்கு அளவுதான் அதன் குறுக்களவு. காற்று அதைக் கீழே விடாது. ஏறத்தாழப் பத்து இலட்சம் அத்தகைய துளிகள் ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அவை சேர்வதற்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். கடலிலிருந்து வந்த உப்புத்தூள், மண்தூசு, பனிப்பளிங்கு ஆகியவை அந்தப் பிடிமானமாகின்றன.

மேகத்துக்கு இந்தப் பிடிமானத்தை மனிதன் கொடுக்கலாமோ என்ற எண்ணம் 1946இல் செயலாயிற்று. அமெரிக்காவில் வின்சன்ற் ஷேபர் என்பவர், குளிர்ப்பெட்டியொன்றுக்குள் தம் மூச்சினாலேயே மேகம் உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மேலும் குளிர்விப்பதற்காக உலர்பனித் துண்டொன்றை உள்ளே வைத்தார். கண்முன்னே அந்த மேகம் பளபளவென்று பனிப்பளிங்குகளாய் மாறிற்று. அவ்வாண்டு நவம்பரில் விமானத்தில் ஏறி மெய்யான மேகத்திலும் உலர்பனியைத் தூவி, அதிலிருந்து பனி உதிர்வதைக் கண்டார். அவரோடு பணிபுரிந்த பேணாட் வொன்னகற், வெள்ளி அயடைட்டு என்னும் உப்பும் அதே வேலையைச் செய்யுமென்று கண்டுபிடித்தார்.

இது குளிர்ந்த மேகங்களுக்கு ஏற்ற முறை. நமது வானத்தில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரம் வரையில் உறைபனி கிடையாது. மலைச்சரிவில் திரளும் மேகங்களிற் பல அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. இத்தகைய வெம்மையான மேகங்களில் ஈரத்தை இழுக்கும் உப்புத்தூளைத் தூவ வேண்டும். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1955இல் தம் நாட்டின் வறண்ட வடகிழக்கைச் சுற்றிப் பார்த்தபோது, மேகங்கள் தலைக்குமேல் ஓடியும் நிலம் காய்ந்து கிடப்பதைக் கண்டு இந்த ஆராய்ச்சியில் மனம் வைத்தார். 1969இல் அங்கே முதற் பரிசோதனை நடந்தது. இன்று அதற்கென்றே ஓர் அரச திணைக்களம் இருக்கிறது. மவுசாக்கலைக்கு வந்த நிபுணர்கள் அந்த மரபைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால் இது நடக்கக்கூடிய காரியமே. எவ்வளவு நடக்கும் என்பதில்தான் வில்லங்கம்.

தடிமன் வந்த பிள்ளைக்கு ஒரு தாய் கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்கிறாள். நான்காம் நாள் சுகமாகிறது. கொத்தமல்லியால் சுகமா, நான்கு நாளில் தானாகவே போகிற தடிமனா? ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. நூறு பிள்ளைகளில் ஐம்பது பேருக்குக் கொடுத்து, ஐம்பது பேருக்குக் கொடுக்காமல், யாருக்குக் கொடுப்பதென்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துப் பார்த்தால்தான் தெரியும். மேகத்துக்கும் அப்படியே. மழைக் கருக்கொண்ட மேகத்தைத் தேடிப் பிடித்துத்தான் விமானம் உப்புத் தூவுகிறது. அந்த மேகம் உப்பில்லாமலும் பெய்திருக்கலாம் அல்லவா?

இந்தியாவில் பூனாவைச் சேர்ந்த வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் இதை முறையாகச் செய்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழை மறைவிலுள்ள சோலாப்பூரில் 276 மேகங்களை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் தூவினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, தூவிய இடத்திலிருந்து காற்று வீசும் பக்கத்தில் 100 சதுர கிலோமீற்றர் பரப்பில் சராசரியாக 18 வீதம் மழை கூடியிருந்தது. இது நல்ல செய்தியே. ஆயினும் இஸ்ரவேல் நாட்டில் 2013 முதல் ஏழு ஆண்டுகள் சீட்டுக் குலுக்கிய முறையில் நடந்த பரிசோதனை வேறு கதை சொல்கிறது. அங்கே கிடைத்த அதிகரிப்பு இரண்டு வீதத்துக்கும் குறைவு. அது தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல்லாண்டு காலமாக மேகத்தில் மருந்து தூவிப் பேர்போன நாடு அது!

தமிழ்நாட்டு அரசும் 1983 தொடக்கம் சில ஆண்டுகள் வறட்சியின்போது இதைச் செய்து பார்த்தது. எங்கே செய்தாலும் ஒரு விதி மட்டும் மாறுவதில்லை. மேகம் இல்லாத வானத்தில் எந்த மருந்தும் மழை பெய்விக்காது. மழை அதிகம் தேவைப்படும் கொடும் வறட்சியில்தான் மேகம் மிகக் குறைவு. மழைக்காலத்தில் 18 வீதம் கூடுவது பெரிதாயிருக்கலாம். வறட்சியில் ஒன்றுமில்லாததன் 18 வீதம் ஒன்றுமில்லாததே.

மலைச்சரிவில் பெய்யும் மழை

இனி நமது மலைகளின் விஷயத்துக்கு வருவோம். சோலாப்பூர் சமதரை. மஸ்கெலியாவோ சரிவு. அச்சரிவில் தேயிலை மட்டுமா இருக்கிறது? லயங்கள் இருக்கின்றன. லயத்துக்கு மேலே மண்ணும் பாறையும் இருக்கின்றன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வகுத்துள்ள கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் மேல் கொட்டிய மழையையும், அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் நாடெங்கும் பறிபோனதையும் நினைவூட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் துக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

வறட்சியில் தூவும் சிறிது உப்பினால் மலை சரிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்ப் பயம் காட்டுவதாகும். ஆனால் 1972 ஜூன் 9ஆம் திகதி அமெரிக்காவின் ரப்பிட் சிற்றி என்னும் நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அன்று பகலில் அப்பகுதி மேகங்களில் ஆராய்ச்சிக்காக உப்புத் தூவியிருந்தார்கள். அன்றிரவு பெருமழை கொட்டி, வெள்ளத்தில் 238 பேர் மாண்டார்கள். தூவியதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை என்றே பின்னர் விஞ்ஞானிகள் கூறினர். அது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதை எப்படி நிரூபிப்பது? வானத்தில் கை வைத்த பின்னர், அன்று பெய்த ஒவ்வொரு துளிக்கும் மனிதனிடம் கணக்குக் கேட்பார்கள். கேட்பதற்கு உரிமையும் உண்டு.

சூரியனுக்குத் திரை

மழை பெய்விப்பது சிறு காரியம். உலகம் முழுவதற்குமாக இதைவிடப் பெரிய திட்டங்களைப் பற்றி விஞ்ஞானிகள் பேசி வருகிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததனால் வானத்தில் கூடிவிட்ட காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, பூமியைப் போர்வை போலப் போர்த்திச் சூடாக்குகிறது. எரிப்பதைக் குறைக்க நாடுகளுக்கு மனம் வரவில்லை. ஆகவே, போர்வையை நீக்க முடியாவிட்டால் வெயிலையாவது குறைப்போமே என்று சிலர் கேட்கிறார்கள். இத்தகைய திட்டங்களுக்குப் புவிப்பொறியியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணத்துக்கு வழிகாட்டியது ஓர் எரிமலை. 1991 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்சில் பினற்றுபோ மலை வெடித்து, ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி தொன் வரையிலான கந்தகப் புகையை மழைமேகங்களுக்கும் மேலே, படைமண்டலத்தில் சேர்த்தது. அது மெல்லிய திரையாய்ப் பூமியைச் சுற்றிப் பரந்தது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான போல் குருட்சன், இதையே மனிதன் வேண்டுமென்று செய்வதைப் பற்றி ஆராய வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று 2006இல் எழுதினார். அவர் மகிழ்ச்சியோடு எழுதவில்லை. நாடுகள் புகையைக் குறைக்கமாட்டா என்ற சலிப்பில் எழுதினார்.

வெப்பம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த எரிமலைத் திரை விழுந்த ஓராண்டில் உலகத்து நிலப்பரப்பின் மேல் மழையும் குறைந்தது, ஆறுகளில் நீரும் குறைந்தது. இதன் காரணத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் கோவிந்தசாமி பாலா. பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரான இவர், 2008இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: கடலிலிருந்து நீரை ஆவியாக்குவது வெயில். வாயுப் போர்வையின் சூட்டை ஈடுசெய்யும் அளவுக்கு வெயிலைக் குறைத்தால் வெப்பம் பழைய அளவுக்கு வரும், ஆனால் மழை பழைய அளவுக்கும் கீழே போய்விடும். இரண்டையும் ஒருங்கே பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

குளிர்நாட்டுக்காரனுக்கு வெப்பம் குறைவது பெரிதாகத் தெரியும். தென்மேல் பருவக்காற்றை நம்பி வாழ்கிற நமக்கோ மழைதான் சோறு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஜேரத்ன 1996இல் வெளியிட்ட கணக்கின்படி, மாத மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஏக்கர் இரண்டரை கொண்ட ஒரு ஹெக்டயரில் 30 முதல் 80 கிலோ வரை தயாரித்த தேயிலை குறையக்கூடும். கொம்பனிக்கு அது கிலோக் கணக்கு. கொழுந்து துளிர்க்காத மலையில் நிறை காணாமல், முழுப்பேர் அரைப்பேராகிறபோது அது அடுப்பங்கரைக் கணக்காகிறது.

இந்தத் திரை விஷயத்தில் நாம் வேறொருவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் பேர்பெற்ற வீரபத்திரன் இராமநாதனும் மேற்சொன்ன குருட்சனும் 1999இல் மாலைதீவைத் தளமாக வைத்து இந்து சமுத்திர வானத்தைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். விமானம், கப்பல், செய்மதி எல்லாம் கொண்டு பார்த்ததில், கடலின்மேல் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம் வரை ஒரு புகைப்படலம் பரந்து கிடந்தது. தெற்காசியாவின் தொழிற்சாலைப் புகை, வாகனப் புகை, வயல் எரிப்பு, விறகடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து உண்டான பழுப்பு மேகம் அது. கடலில் விழும் வெயிலை அது குறைக்கிறது. பருவமழையையும் அது பலவீனப்படுத்தக் கூடுமென்று அவர்கள் பின்னர் காட்டினார்கள். ஆகவே, திட்டமிடாமலே நாம் எல்லாரும் சேர்ந்து சூரியனுக்கு ஒரு திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். லயக் காம்பராவுக்குள் விறகு ஊதி இருமுகிற தாய்மாரின் நெஞ்சுக்குள்ளே போகிற புகையும் இதுதான். அவர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. புகைபோக்கியும் நல்ல அடுப்பும் கிடைத்தால் தாய்க்கும் நன்மை, வானத்துக்கும் நன்மை. படைமண்டலத்துக்குக் கந்தகம் ஏற்றுவதைவிட இது மலிவு என்று நினைக்கிறோம்.

வாயுப் போர்வையையே மெல்லியதாக்கும் வழிகளையும் தேடுகிறார்கள். 2009இல் இந்தியாவும் ஜேர்மனியும் சேர்ந்து தென்சமுத்திரத்தில் 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்துவிட்டன. இரும்பு கிடைத்தால் நுண்ணிய கடற்பாசி செழிக்கும், அது வாயுவை உண்டு, செத்துக் கடலடிக்குப் போகும் என்பது எதிர்பார்ப்பு. பாசி செழித்தது. ஆனால் சிறு கடற்பிராணிகள் அதைத் தின்று தீர்த்தன. அடிக்குப் போனது மிகக் கொஞ்சமே. கடலில் ஒன்றைப் போட்டால் அதைத் தின்ன இன்னொன்று வரும் என்பது மீன்பிடிக்கிறவனுக்குத் தெரியும். அந்த ஆராய்ச்சிக் குழுவில் அத்தகைய ஒருவன் இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தோம்.

யாரைக் கேட்பது?

அங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. இத்தகைய ஆராய்ச்சியை ஒரு துறையாரிடம் மட்டும் விட்டுவிட முடியாது. வானிலை அறிந்தவர் எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்வார். அந்த மில்லிமீற்றர் எந்த மண்ணைச் சரிக்கும் என்பதை மண்ணியலாரே சொல்ல வேண்டும். தேயிலை ஆராய்ச்சியாளர், மின்பொறியியலாளர், கணக்கறிந்த பொருளியலார், சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று சொல்லக்கூடிய சட்டத்தரணி ஆகிய அனைவரும் வேண்டும். எந்தக் கான் முதலில் நிரம்பும், எந்த லயத்தின் பின்சுவர் ஒவ்வொரு மழைக்கும் ஈரங்கோக்கும் என்பதை நாற்பது வருடம் அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்ணைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. அவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

இது நடவாத காரியமல்ல. அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தார், சூரியத் திரை பற்றிய பரிசோதனைக்கான ஒரு பலூனை முதன்முறையாகப் பறக்கவிட்டுப் பார்க்கச் சுவீடனின் வடகோடியிலுள்ள கிருணாவைத் தெரிந்தெடுத்தார்கள். அப்பகுதியில் கலைமான் மேய்த்து வாழும் சாமி இனத்தவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் வானத்தில் இதைச் செய்யக் கூடாது என்று அவர்களுடைய சபை எழுதிற்று. அந்தப் பலூன் எந்தப் பொடியையும் தூவுவதாக இல்லை, கருவிகளைச் சரிபார்ப்பது மாத்திரமே நோக்கம். ஆயினும் 2021இல் அது நிறுத்தப்பட்டது. 2024இல் முழுத் திட்டமும் கைவிடப்பட்டது. எண்ணிக்கையில் சிறிய, செல்வாக்கில் சிறிய ஒரு சனம் உலகப் பெரும் பல்கலைக்கழகத்தை நிறுத்தி வைத்தது. அது சரியா பிழையா என்று படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆராய்ச்சியே வேண்டாம் என்பது நமது கட்சியல்ல, அறியாமை ஒருபோதும் ஏழைக்குக் காவலாய் இருந்ததில்லை. ஆனால் கேட்கப்பட வேண்டும் என்ற உரிமையை அவர்கள் நிலைநாட்டினார்கள்.

நமது மலைகளின் காலநிலையை மனிதன் மாற்றியது 2019இல் தொடங்கியதல்ல என்பதையும் எண்ணிப் பாருங்கள். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மேகம் தங்கிய காடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் நம் முன்னோருடைய கைகள். ஆனால் வெட்டச் சொன்னவர்கள் அவர்களைக் கேட்டுச் சொல்லவில்லை. 1873இல் ஆங்கிலத் தாவரவியலாளர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளையாவது விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் அற்றுப்போகும் என்று ஆலோசனை சொன்னார். அரசாங்கம் கேட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக்காடும் இன்று மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காட்டு மரங்கள் மூடுபனியைத் தம் பாசி படர்ந்த கிளைகளில் வடிகட்டி, மழையில்லாத நாளிலும் சொட்டுச் சொட்டாய் ஓயாக்களுக்கு நீர் கொடுக்கின்றன. விமானம் இல்லாமல், நாள் தவறாமல் நடக்கிற செயற்பாடு அது. கீழே பீலிக்கரையில் குடத்தோடு நிற்கிற பிள்ளைக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது.

இனி அன்பரின் இரண்டாம் பாதிக் கேள்வி. மேகத்தில் உப்புத் தூவுவது தன்னிலே பாவமல்ல. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுவதும் எப்படியோ அப்படியே இதுவும். படைப்பைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனுக்குப் பொறுப்பு அளிக்கப்பட்டிருக்கிறது. கர்மேல் மலையில் மழைக்காக மன்றாடிய எலியாஸ் தீர்க்கதரிசியும், கடற்பக்கம் மேகம் எழும்புகிறதா என்று பார்த்து வர ஊழியனை ஏழு தரம் அனுப்பினார் அன்றோ! செபிப்பதும் வானத்தைக் கவனிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

ஆனால் ஒன்று. எரிப்பதைக் குறைக்காமல் திரை போடுவது, குடியை விடாமல் ஈரலுக்கு மருந்து கேட்பது போலாகும். அதிலும் திரையை ஒருமுறை போட்டால் பல தலைமுறைகள் இடைவிடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யுத்தத்தாலோ பணமுடையாலோ நடுவில் நின்றுவிட்டால், அடக்கி வைத்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் பாய்ந்து வரும். பேரப்பிள்ளைகளின் கழுத்தில் இப்படியொரு கடனைக் கட்டிவிட நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகம் 2011இல் வெளியிட்ட மலைப் பனிப்பாறைகள் பற்றிய அறிக்கையும், புகையைக் குறைப்பதற்குப் புவிப்பொறியியல் மாற்றாகாது என்ற நிலைப்பாட்டையே எடுத்தது. அவ்வறிக்கையைத் தயாரித்தவர்களுள் குருட்சனும் இராமநாதனும் இருந்தனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இலும் 2023இலும் எழுதிய மடல்களில், எல்லாவற்றுக்கும் இயந்திரமே வழி என்ற மயக்கத்தைக் கண்டித்திருக்கிறார்.

மஸ்கெலியா அன்பருக்கு ஒரு வார்த்தை. மறுபடியும் விமானம் வரும் நாள் வரலாம். அதற்குமுன் உங்கள் தோட்ட ஆபீசில் மழை அளக்கும் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் மழைமானியில் எவ்வளவு விழுந்தது என்று எழுதிவைப்பது பழைய வழக்கம். சில தோட்டங்களில் அது பாட்டன் காலத்திலிருந்து உண்டு, சிலவற்றில் விட்டுப்போயிற்று. மருந்தினால் பெய்த மழையா, தானாய்ப் பெய்த மழையா என்று யாராவது மெய்யாகவே ஆராய வந்தால், அவர்கள் முதலில் தேடப்போவது அந்தப் புத்தகத்தைத்தான். தோட்டப் பாடசாலை முற்றத்திலும் மழைமானி ஒன்று வைக்கலாம். செலவு அதிகமில்லை, மேல்வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து எழுதலாம். எழுதத் தொடங்கியதும் நமக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.